நாலு இருபத்துநாலுக்கு வருவார்

என் பேர் பத்திரகாளி. பேருக்கேற்ற கோபம் என்று மில்லில் எல்லோரும் சொல்வார்கள், நானும் மறுத்ததில்லை. கோவில்பட்டியில் ஒரு நூல் மில்லின் டைம் ஆபீசில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தேன். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், எத்தனை மணிக்கு வெளியே போனார்கள் என்று பார்ப்பதுதான் வேலை. ஒருவர் ஆறு நிமிஷம் முன்கூட்டிக் கிளம்பினால்கூட எனக்கு உறுத்தும். யோகலட்சுமி விஷயம் எனக்குத் தெரியவந்ததே அந்த ஆறு நிமிஷத்தால்தான்.

யோகலட்சுமி இடைசெவலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். முப்பத்தைந்து வயது. மெலிந்த உடம்பு, மெதுவான பேச்சு. எவ்வளவு திட்டினாலும் எதிர்த்துப் பேசமாட்டாள் என்பதால் அவளைத் திட்டவே எனக்குப் பிடிக்காது. மில்லின் சர்வர் அவள் பொறுப்பு. ஓடுகிற மிஷின் ஒவ்வொன்றும் எத்தனை சுற்றுச் சுற்றியது, எங்கே நூல் அறுந்தது, எவ்வளவு நேரம் நின்றது என்று அந்த சர்வருக்கு விவரம் அனுப்பிக்கொண்டே இருக்கும். அதை அலசி ரிப்போர்ட் எடுக்க ஒரு மென்பொருள். அதில் நுழைய அனுமதி உள்ள ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு ஃபோல்டர் உண்டு. பொது ஃபோல்டரில் போட்டால் எல்லோரும் பார்க்கலாம். சொந்த ஃபோல்டரில் இருப்பதை அந்த ஆள் மட்டும்தான் பார்க்க முடியும். தொழிலாளிகள் மாற்றுச் சட்டையும் சோற்று வாளியும் வைக்கிற இரும்பு அலமாரி வரிசை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மாற்றுச்சாவி யோகாவிடம் இருந்தது.

சாவி இருக்கிறதே என்று திறந்து பார்க்கிற ஆள் இல்லை அவள். யாராவது வேலையை விட்டுப் போனால் ஏழு நாளைக்குள் அவர்கள் பேரை நீக்கி ஃபோல்டரையும் காலிசெய்ய வேண்டும் என்பது சட்டம். யோகா அந்த ஆளுக்குப் போன் போட்டு, "ஒங்க ஃபோல்டர்ல என்னமும் வேணும்னா இப்பமே சொல்லிருங்க" என்று கேட்காமல் எதையும் நீக்கமாட்டாள். டெஸ்பாட்ச் மாரிராஜ் நின்றபோது அப்படித்தான் போன் போட்டாள். அவன் வெட்கப்பட்டுக்கொண்டே, எந்த ஆடு எந்த மாதம் இரட்டைக் குட்டி போட்டது என்று எட்டு வருஷத்து விவரத்தை மில் சர்வரிலேயே படம் போட்டு வைத்திருப்பதாகச் சொன்னான். யோகா அதை அவனுக்குப் பத்திரமாக அனுப்பிவைத்தாள். நானாக இருந்தால் அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன்.

அவள் வீட்டுக்காரன் ஹரிஹரசுதனும் எங்கள் மில்தான். மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். சாயந்திரம் நாலு மணிக்குக் கடைசி ரவுண்டு ஆரம்பிப்பான். ஓடுகிற ஸ்பின்னிங் மிஷின் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, சத்தம் கேட்டு, அடுத்த ஷிப்டிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவான். மிஷினுக்கு ஆறு நிமிஷம். மொத்தம் முப்பத்தாறு மிஷின். அதற்கப்புறம் இடைசெவலுக்கு பைக்கில் இருபத்துநாலு நிமிஷம். அவன் அம்மா வெள்ளைத்தாய் தினமும் வாசலைப் பார்த்துப் பார்த்துச் சலிக்கிறாளே என்று தன் சொந்த ஃபோல்டரில் ஒரு ரிப்போர்ட் செய்துவைத்தான். நாலு மணிக்கு அது தானாக ஓடும். அந்த நேரம் ஓடுகிற மிஷின்களை எண்ணும், ஆறால் பெருக்கும், இருபத்துநாலைக் கூட்டும், இரண்டு போன்களுக்குச் செய்தி அனுப்பும். ஒன்று யோகாவின் போன். இன்னொன்று, வீட்டில் அம்மா பக்கத்தில் எப்போதும் சார்ஜில் கிடக்கிற அவனுடைய பழைய போன். "ஹரிஹரசுதன் இன்று 8.00 மணிக்கு வீட்டுக்கு வருவார்" என்று வரும். முப்பத்தாறும் ஓடினால் எட்டு மணி. ஒரு மிஷின் நின்றால் ஆறு நிமிஷம் முன்னால்.

எனக்கும் ஒன்று செய்து கொடுலே என்று கேட்டேன். "இதையே ஒங்க ஃபோல்டர்ல ஒரு காப்பி போட்டு, நேரத்தயும் நம்பரயும் மட்டும் மாத்திக்கிடுங்கக்கா. ஃபோல்டர் யாருதோ அவிய பேரு முன்னால தானா வந்துரும்" என்றான். மறுநாள் என் வீட்டுக்காரர் போனுக்கு, "பத்திரகாளி இன்று 6.10 மணிக்கு வீட்டுக்கு வருவார்" என்று போயிற்று. சாமி ஊர்வலம் கிளம்புகிற மாதிரி இருக்கிறது, வேண்டவே வேண்டாம் என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அன்றைக்கே அழித்துவிட்டேன். ஹரி அதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், புரட்டாசியில், இரண்டு மிஷின் நின்றிருந்த ஒரு நாள். செய்தி 7.48 என்று வந்தது. ஏழு நாற்பது வாக்கில் நாலுவழிச் சாலையில், ஊருக்குப் பிரிகிற இடைசெவல் விலக்குக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு லாரி. அதற்கு மேல் சொல்ல எனக்கு மனசில்லை.

மறுநாள் மூன்று மணிக்கு எடுத்தார்கள். ஆண்கள் சுடுகாட்டுக்குப் போயிருந்தார்கள். நான் யோகாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சுவர் அலமாரியில் சார்ஜில் கிடந்த பழைய போன் கிணுகிணுத்தது. எழுந்து போய் எடுத்துப் பார்த்தேன். ஹரிஹரசுதன் இன்று 8.00 மணிக்கு வீட்டுக்கு வருவார். அப்படியே கவிழ்த்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். பதினாறு கழிந்து வேலைக்கு வந்ததும் அவளே முதல் வேலையாக அதை நிறுத்திவிடுவாள் என்று நினைத்தேன். நிறுத்தியிருப்பாள் என்றே மூன்று வருஷமும் நம்பிக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷம் தை மாதம் மில்லை மூடப்போவதாகப் பேச்சு வந்தது. ஒரேயடியாக மூடவில்லை. மிஷின்களை இரண்டு மூன்றாகக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். மாசி பிறந்ததிலிருந்து யோகா சாயந்திரம் சீக்கிரம் போக அனுமதிச் சீட்டு எழுதிக்கொடுக்க ஆரம்பித்தாள். முதல் வாரம் 5.40. அடுத்த வாரம் 5.34. அப்புறம் 5.22, 5.16. பஸ் பிடித்து இடைசெவல் போய்ச் சேர அவளுக்கு முக்கால் மணிக்கு மேல் ஆகும். காரணம் என்ற இடத்தில் எல்லாவற்றிலும் ஒரே வரி: "வீட்டுக்கு ஆள் வருகிறார்."

ஒருநாள் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பிடித்தேன். "ஏட்டி, யாருட்டி தெனமும் வாரது? வாரவிய என்ன ஆறாறு நிமிஷமா வருதாவளா?" என்று சத்தம் போட்டேன்.

அவள் போனை நீட்டினாள். செய்திக்கு மேல் செய்தி. மூன்று வருஷத்துச் செய்தி. ஒன்றுகூட அழிக்கப்படவில்லை. கடைசியாக அன்றைக்கு நாலு மணிக்கு வந்தது: ஹரிஹரசுதன் இன்று 6.12 மணிக்கு வீட்டுக்கு வருவார்.

"மிஷின் கொறையுதுல்லாக்கா" என்றாள். "அதான் சீக்கிரமா வாராவ."

எனக்கு உச்சந்தலையிலிருந்து குளிர்ந்துபோயிற்று. பங்குனி வெயிலில், மின்விசிறிகூட இல்லாத டைம் ஆபீசில் நின்றுகொண்டு குளிர்ந்தேன். இது வெறும் பெருக்கல் கணக்கு, மிஷின் நிற்க நிற்க நேரம் குறையத்தான் செய்யும் என்று எனக்கும் தெரிந்தது, அவளுக்கும் தெரியும். அவளைவிட அது யாருக்குத் தெரியும்? தெரிந்துகொண்டேதான் ஒருவன் ஆறாறு நிமிஷமாகக் கிட்டே வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பங்குனி கடைசி ஞாயிற்றுக்கிழமை கடம்பூர் போளி வாங்கிக்கொண்டு இடைசெவலுக்குப் போனேன். புத்தி சொல்லத்தான் போனேன். ஊரைச் சுற்றிப் பருத்தி எடுத்து முடிந்த கரிசல்காடு, கால் உள்ளே போகிற அளவுக்கு வெடித்துக் கிடந்தது. வெள்ளைத்தாய் என்னைப் பார்த்ததும் பாயை விரித்தாள். நாலு மணிக்கு அலமாரியில் போன் கிணுகிணுத்தது. அந்த அம்மா எழுந்துபோய் எழுத்துக்கூட்டிப் படித்தாள். "அஞ்சு இருவத்துநாலு" என்று மருமகளிடம் சொன்னாள். மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னாள்.

ஐந்தே கால் ஆனதும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். வெள்ளைத்தாய் போய் வாசல் கேட்டின் தாழ்ப்பாளைத் திறந்துவைத்தாள். கொஞ்ச நேரத்தில் தூரத்தில், விலக்குப் பக்கம், ஒரு பைக் சத்தம் கேட்டது. ஊருக்குள் வந்தது. தெரு முனை திரும்பியது. அப்படியே நின்றுவிட்டது. நான் எட்டிப் பார்த்தேன். தெருவில் ஒரு ஆட்டுக்குட்டிகூட இல்லை.

"யாரோ வழியோட போறவன்" என்றேன்.

"தெனமும் நிக்கும்க்கா" என்றாள் யோகா. "போன மாசம் ரோட்டுலயே நின்னுச்சி. இப்பந்தான் ஊருக்குள்ள வருது."

நான் சொல்லவந்த புத்தி எதையும் சொல்லவில்லை. போளியைக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினேன். பயத்தை மறைக்க அன்றைக்கு ராத்திரி முழுக்க என் வீட்டுக்காரரிடம் சண்டை போட்டேன்.

அதன் பிறகு எனக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்றுதான். கடைசி மிஷினும் நின்றுவிட்டால் கணக்கு எங்கே போய் முடியும்? பூஜ்ஜியத்தை ஆறால் பெருக்கினால் பூஜ்ஜியம். பாதை இருபத்துநாலு நிமிஷம் மட்டும் மிச்சம். நாலு மணிக்குக் கிளம்பி 4.24-க்கு அவன் வாசலுக்கு வந்துவிடுவான். அந்த வாசலில் யாரும் வரவில்லை என்றால் இவள் என்ன ஆவாள்? வந்துவிட்டால் என்ன ஆவாள்? இரண்டையும் நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

சித்திரை கடைசி வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். கோயம்புத்தூர் தலைமை அலுவலகத்திலிருந்து செல்வமாரி என்கிற பையன் போனில் எல்லாவற்றையும் நடத்தினான். சாயந்திரம் ஐந்து மணிக்கு சர்வரை அணைத்துவிடுவார்கள். வேலையில் இருக்கிறவர்களின் ஃபோல்டர் மட்டும் அங்கே போகும். போனவர்கள், செத்தவர்கள் பேரையெல்லாம் அதற்குள் நீக்கிவிட வேண்டும், இல்லையென்றால் அவர்கள் ஃபோல்டரும் சர்வரோடு போய்விடும். யோகாவிடம் இருந்த பட்டியலில் நாற்பத்தொரு பேர். நாற்பது பேர் வீட்டுக்கும் போன் போட்டுக் கேட்டு, கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, நீக்கி முடித்துவிட்டாள். ஒரு பேர் மட்டும் நின்றது.

"நீக்கும்போது யார் பேருக்கு மாத்தணும்னு அதே கேக்கும். ஒன் பேருக்கு மாத்திக்கிடேன்ட்டி. ரிப்போர்ட்டும் போவாது" என்று சொல்லிப் பார்த்தேன்.

"அவிய பேர்ல இருக்கது அவிய பேர்லயே இருக்கட்டும்க்கா" என்றாள். "இன்னைக்கு அவிய வரட்டும்."

மூன்றரை மணிக்கு ஷெட்டில் கடைசி மிஷினை நிறுத்தப்போகிறார்கள் என்று எல்லோரும் பார்க்கப் போனார்கள். யோகாவும் போனாள். நான் மட்டும் அவள் அறையில் இருந்தேன். செல்வமாரி போனில் கூப்பிட்டான். "மேடம், ஒரு யூசர் இன்னும் அப்படியே இருக்கு. டைம் இல்ல. ப்ளீஸ், நீங்களாவது எடுத்துவிடுங்க" என்றான்.

அந்த நிமிஷத்தில் மிஷின் நின்றது. இருபத்திரண்டு வருஷத்தில் அந்த மில் சத்தம் போடாமல் இருந்து நான் கேட்டதே இல்லை. காது அடைத்துக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. திரையில் கேள்வி திறந்து கிடந்தது. இந்தப் பயனரை நீக்கினால் இவருடைய ஃபோல்டர் யாருக்கு? இருபத்திரண்டு வருஷமாகச் செத்துப்போன தொழிலாளியின் பிஎஃப் படிவத்தில் வாரிசு பேர் எழுதின கை இது. வீட்டுக்காரன் போனால் பொண்டாட்டி பேருக்கு. வேறு என்ன எழுதுவேன்? அவன் எழுதினதாவது அவளுக்குப் பிழைக்கட்டும் என்று நினைத்து, யோகலட்சுமி என்று தேர்ந்தெடுத்து அழுத்திவிட்டேன். ஹரிஹரசுதன் பேர் பட்டியலிலிருந்து போய்விட்டது. அப்போது மணி மூன்று ஐம்பத்திரண்டு. என் வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்ட கதை அந்த நேரம் எனக்கு நினைவுக்கு வரவே இல்லை.

யோகா திரும்பி வந்தாள். தலைமுடியெல்லாம் பஞ்சு. நாலு மணிக்கு அவள் கையிலிருந்த போன் கிணுகிணுத்தது. படித்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. என்னிடம் நீட்டினாள்.

யோகலட்சுமி இன்று 4.24 மணிக்கு வீட்டுக்கு வருவார்.

அப்போதுதான் ஹரி சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. ஃபோல்டர் யாருதோ அவிய பேரு தானா வந்துரும். "தாயே, நான்தாம்ட்டி மாத்துனேன். தெரியாமச் செஞ்சிட்டேன்" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. இதே செய்தி இதே நேரம் அந்த வீட்டு அலமாரியிலும் விழுந்திருக்கும். இவளுக்கு நேரம் குறித்துவிட்டேனே என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

யோகாவுக்குக் கோபம் வரவில்லை. "அப்ப அவிய இன்னும் அந்த ரோட்டுலதான் நிக்காவ" என்றாள். "நான்லா கூட்டிட்டுப் போணும். நேரமாச்சுக்கா."

பஸ்ஸில் போகிறேன் என்றாள். தனியாக விடுவேனா? என் ஸ்கூட்டியை எடுத்தேன். வேண்டுமென்றே மெதுவாகப் போய் 4.24-ஐ ரோட்டிலேயே தாண்டவைத்துவிட வேண்டும் என்பது என் திட்டம். நேரம் தாண்டிவிட்டால் கணக்குப் பொய்யாகும், இவளும் தப்பித்துவிடுவாள் என்று நினைத்தேன். முப்பதுக்கு மேல் முறுக்கவில்லை. ரயில்வே கேட் வழியாகப் போனால் அடைத்திருக்கும் என்று அந்த வழியாகவே போனேன். திறந்து கிடந்தது.

நாலுவழிச் சாலையில் வெயிலில் கண் கூசியது. விலக்குக்குக் கொஞ்சம் முன்னால், அந்த இடம் வந்தது. நான் திரும்பிப் பார்க்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். யோகா என் தோளைத் தொட்டாள்.

"கொஞ்சம் முன்னால தள்ளி உக்காருங்கக்கா."

"எதுக்குட்டி?"

அவள் என் முதுகோடு ஒட்டி உட்கார்ந்தாள், பின்னால் இடம் விடுகிற மாதிரி. நானும் தள்ளி உட்கார்ந்தேன். ஏன் உட்கார்ந்தேன் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. வண்டி அந்த இடத்தில் ஒரு அழுத்து அழுத்தி, ஹேண்டில் லேசாகத் தூக்கிற்று. மூட்டை ஏற்றினால் ஆகுமே, அது மாதிரி. அதற்கப்புறம் ஊர் வரைக்கும் எவ்வளவு முறுக்கினாலும் கனமாகத்தான் போயிற்று. ஓட்டத் தெரியாதவள் இல்லை நான். என் வண்டி எனக்குத் தெரியும்.

தெரு முனை திரும்பி வாசலில் வந்து நிறுத்தினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை முனையிலேயே நின்றுபோன சத்தம், இப்போது வாசல் கேட்டுக்கு முன்னால் வந்து நின்றது, அது என் வண்டிச் சத்தம்தான். போனைப் பார்த்தேன். 4.24.

வெள்ளைத்தாய் கேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றாள். மருமகள் முகத்தையே பார்த்தாள். அப்புறம் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "மூணு வருசமா அந்தப் போனும் ஆள் வரும் ஆள் வரும்னுதான் சொல்லுச்சி. இன்னைக்குத்தாம்மா சொன்ன நேரத்துக்கு ஒரு ஆள் வந்திருக்கு" என்றாள். யோகா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். மூன்று வருஷத்தில் யோகா அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

உள்ளே போனோம். பெஞ்சில் இரண்டு டம்ளரில் காப்பி ஆற்றி வைத்திருந்தது. வெள்ளைத்தாய் காப்பி குடிக்கமாட்டாள், அது எனக்குத் தெரியும். நான் ஒரு டம்ளரை எடுக்கக் கை நீட்டினேன்.

"நீ செத்த இரும்மா" என்றாள் அந்த அம்மா. "நீ வாரது தெரியாதுல்லா. ஒனக்கு வேற போட்டுத் தாரேன்."

நான் கையை எடுத்துக்கொண்டேன். யோகா ஒரு டம்ளரைக் குடித்து முடித்தாள். எழுந்துபோய் அலமாரியில் கிடந்த பழைய போனின் சார்ஜரைப் பிடுங்கினாள். திரை அணைகிற வரைக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பதறியது. ஐந்து மணிக்கு சர்வர் நின்றாலும் ரிப்போர்ட் அவள் பேரில் கோயம்புத்தூர் போய்விடும், நாளைக்கும் வரும், அதைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"செல்வமாரிக்குப் போன் போட்டு அந்த ரிப்போர்ட்ட அழிக்கச் சொல்லிருங்கக்கா" என்றாள் யோகா. "வந்தாச்சுல்லா. இனி எதுக்கு நேரம் பாக்கணும்?"

பெஞ்சில் இருந்த இன்னொரு டம்ளரை நான் பார்க்கவில்லை. வாசலில் போய் நின்றுகொண்டு செல்வமாரிக்குப் போன் போட்டேன்.